வுர்லிட்ஸர் 200ஏ: செஷன் வாசிப்பவர்களுக்கான விமர்சனம்

வுர்லிட்ஸர் 200ஏ எலெக்ட்ரிக் பியானோவின் ஒலி மட்டும் வேண்டுமென்றால் நல்ல சாம்பிள் லைப்ரரி (நிஜ வாத்தியத்தின் ஸ்வரங்களைப் பதிந்து வைத்த மென்பொருள்) ஒன்றே போதும். மிக்ஸில் கிடார், டிரம்ஸுக்கு நடுவே வைத்துவிட்டால் எது நிஜம், எது சாம்பிள் என்று பெரும்பாலானோரால் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த வாத்தியத்தை இன்றும் ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போவதற்கான காரணம் விரலுக்கும் ஒலிக்கும் இடையே இருக்கும் உறவு. மெல்லத் தொட்டால் புல்லாங்குழல் கலந்த மணி போல ஒலிக்கும். கொஞ்சம் அழுத்தினால் ஒலியின் விளிம்பு தடிக்கும். இன்னும் அழுத்தினால் உறுமும். இவற்றுக்கு நடுவே படிகளே கிடையாது, ஒரே சரிவு. வாசிப்பவர் அந்தச் சரிவில் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தே கார்டுகளைத் தேர்ந்தெடுக்கிறார், இடைவெளி விடுகிறார். டேக்கின் (ஒரு முறை வாசித்துப் பதிவதன்) தன்மையே மாறிவிடுகிறது. ஆனால் ரீட் (அதிர்ந்து ஒலி தரும் எஃகு நாக்கு), சுத்தியல், மின்பகுதி மூன்றும் ஒழுங்காக இருக்கும் வாத்தியத்தில்தான் இது நடக்கும். பராமரிப்பில்லாத 200ஏ-வை விட நல்ல சாம்பிள் எவ்வளவோ மேல்.

200 மாடல் 1968-இல் வந்தது. 200ஏ 1974-இல் வந்து 80களின் தொடக்கம் வரை தயாரிப்பில் இருந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் 200ஏ-வையே எடுங்கள். அதில் ரீட் வரிசைக்கு மேலே உள்ள உலோகக் கவசம் மேம்பட்டிருக்கிறது. அதனால் ஹம் (மின்சாரத்தால் வரும் இரைச்சல்) குறைவு. ரெக்கார்டிங்கில் அந்த ஒரு வித்தியாசமே பெரிது.

இதன் உள்ளே இருப்பது மின்னணு ஒலி அல்ல. 64 கீ, 64 எஃகு ரீட். ஹார்மோனியத்தில் ரீட்டைக் காற்று அசைக்கிறது. இங்கே ஃபெல்ட் சுத்தியல் அடிக்கிறது. ஒவ்வொரு ரீட்டும் பிக்கப் தகட்டில் வெட்டப்பட்ட ஒரு பிளவுக்குள் நிற்கிறது. தகட்டில் சுமார் 150 வோல்ட் டிசி இருக்கும். ரீட் ஆடும்போது இரண்டுக்கும் இடையிலான மின்தேக்கத் திறன் மாற, அந்த மாற்றமே சிக்னல் ஆகிறது. பலமாக அடித்தால் ரீட் பிளவை விட்டே வெளியே போய்த் திரும்பும். அப்போது சிக்னல் சீராக ஏறி இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்துவிடும். அந்த உறுமல் பிறப்பது இங்கேதான். ஆம்பிளிஃபயர் அதற்குக் கொஞ்சம் உப்பு சேர்க்கிறது, அவ்வளவுதான்.

கீகள் 88 கீ பியானோவின் இரண்டு முனையிலும் ஓர் ஆக்டேவைக் கழித்த அளவு. அடியில் 55 ஹெர்ட்ஸ் ஏ, உச்சியில் சி. ஆக்‌ஷன் (கீயையும் சுத்தியலையும் இணைக்கும் பொறியமைப்பு) சிறிய அளவில் செய்த பியானோ ஆக்‌ஷனேதான்: ஜாக் (சுத்தியலைத் தள்ளும் நெம்பு), லெட்-ஆஃப் திருகு (ரீட்டைத் தொடுமுன் ஜாக் சுத்தியலை விடும் இடத்தை அமைப்பது), டேம்ப்பர் (ஒலியை அணைக்கும் ஃபெல்ட்) எல்லாம் உண்டு. ஆகவே பியானோ சரிசெய்பவருக்குத் தெரிந்த எல்லாக் கோளாறுகளும் இதற்கும் வரும். லெட்-ஆஃப் ரீட்டுக்கு மிக அருகில் இருந்தால் சுத்தியல் ரீட்டிலேயே அமர்ந்து ஒலியை அடைத்துவிடும். மிகத் தள்ளி இருந்தால் மென்மையாக வாசிக்கையில் சில கீகள் ஒலிக்கவே மாட்டா. இரண்டாவது கோளாறுதான் கடையில் கண்ணில் படாது. வாங்க வருபவர்கள் உற்சாகத்தில் பலமாகத்தானே வாசிப்பார்கள்.

அதனால் சோதிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்து, ஸ்பீக்கர் அருகே காதை வையுங்கள். அடுத்து வால்யூமைப் பாதிக்கு ஏற்றி, எதையும் வாசிக்காமல் ஒரு நிமிடம் கேளுங்கள். பிறகு அடி ஏ-யிலிருந்து உச்சி சி வரை ஒவ்வொரு கீயையும் மிக மென்மையாக ஒரு முறை, நடுத்தரமாக ஒரு முறை, பலமாக ஒரு முறை. 64 கீக்கும் இதைச் செய்யப் பத்து நிமிடம் ஆகும், செய்யாமல் விடாதீர்கள். ட்யூனர் கையில் இருக்கட்டும். எல்லாம் ஒரே அளவு விலகியிருந்தால் கவலையில்லை. பக்கத்துக் கீகள் சரியாக இருக்க ஒன்று மட்டும் கணிசமாகக் கீழே இறங்கியிருந்தால் அந்த ரீட்டின் அடியில் விரிசல் தொடங்கிவிட்டது என்று சந்தேகியுங்கள். விரிசல் விழுந்த ரீட் விறைப்பை இழக்கும், சுருதி இறங்கும். அதைச் சுருதி சேர்த்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். பெடலை மிதித்து ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்றும் பாருங்கள். பக்கத்து ஸ்வரத்தை விட மிகச் சீக்கிரம் அணைந்தால் ரீட்டின் திருகு தளர்ந்திருக்கலாம், அல்லது டேம்ப்பர் முழுதாக எழாமல் உரசலாம். பெடல் கேபிளின் இறுக்கம் கெட்டாலும் இதே அறிகுறி வரும்; ஆனால் அப்போது ஒன்றல்ல, வரிசையாகப் பல கீகளில் தெரியும்.

இனி ஹம். இந்த வாத்தியத்தை ரெக்கார்டிங்குக்குக் கொண்டுபோகிறவர்களின் முதல் தலைவலி அதுதான். எங்கிருந்து வருகிறது என்பதை வால்யூம் குமிழே சொல்லிவிடும். பூஜ்யத்திலும் ஹம் அப்படியே நின்றால் கோளாறு குமிழுக்குப் பிந்தைய பகுதியில், அதாவது பவர் ஆம்ப்பிலோ (ஸ்பீக்கரை இயக்கும் பெருக்கி) அதன் பவர் சப்ளையிலோ. குமிழோடு சேர்ந்து ஏறினால் முந்தைய பகுதியில்: ப்ரீ-ஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி), ரீட் கவசம், எர்த் இணைப்பு, 150 வோல்ட் சப்ளை. பழைய எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் இன்னும் மாற்றப்படாமல் இருந்தால் வேறெதையும் தேடுமுன் அவற்றை மாற்றச் சொல்லுங்கள்; அரை நூற்றாண்டு ஆன கெபாசிட்டரை நம்பி செஷனுக்குப் போகக் கூடாது. ஹம் இல்லாமல் சீறல் மட்டும் அதிகமென்றால் ப்ரீ-ஆம்ப் டிரான்சிஸ்டர்களைப் பார்க்க வேண்டும். மூடியையும் கவசத்தையும் கழற்றி வைத்துக்கொண்டு ஹம்மை எடை போடாதீர்கள். திறந்த நிலையில் எந்த 200ஏ-வும் இரையத்தான் செய்யும்.

220–240 வோல்ட் மின்சாரம் உள்ள இடங்களில் அமெரிக்க மாடலுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அதைப் பியானோவின் அடியில் தரையில் வைப்பதுதான் வழக்கமான தவறு. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலமே ஹம்மாக உள்ளே நுழைந்துவிடும். ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள்.

ரீட் சுருதி சேர்ப்பதைத் தொழில்நுட்பக்காரர் மட்டுமே செய்ய முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். பொறுமை உள்ள எந்த வாசிப்பாளரும் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு ரீட்டின் நுனியிலும் பிரமிட் போல ஈயம் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஈயத்தைக் குறைத்தால் சுருதி ஏறும், கூட்டினால் இறங்கும். முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள். ஆஃப் செய்தால் மட்டும் போதாது. 150 வோல்ட் கெபாசிட்டரில் தேங்கி நிற்கும். சில நிமிடம் பொறுத்து, மீட்டரில் சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதை உறுதிசெய்த பிறகே கையை உள்ளே விடுங்கள். பிறகு எத்தனை சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகல் என்று முன்பே குறித்து வைத்த ரீட்டின் திருகைத் தளர்த்தி, அதை வெளியே எடுங்கள். ரீட்டை இருந்த இடத்திலேயே வைத்து அரத்தால் தேய்ப்பவர்களும் உண்டு. அது வேண்டாம். ஈயத் தூள் பிளவுக்குள் விழுந்தால் ரீட்டுக்கும் தகட்டுக்கும் இடையே மின்சாரம் பாய்ந்து படபடவென்று வெடிக்கும். அந்த ஒரு தூளைத் தேடி எடுக்க அரைநாள் போய்விடும்.

மெல்லிய அரத்தால் கொஞ்சமாகத் தேயுங்கள். அடி ஆக்டேவில் தாராளமாகத் தேய்க்கலாம். உச்சி ஆக்டேவில் ஓர் இழுப்பே பல சென்ட்டை மாற்றிவிடும். ஈயம் சேர்க்க வேண்டியிருந்தால், பற்றவைத்த பிறகு ரீட் ஆறும் வரை காத்திருந்து அளவிடுங்கள். சூடான ரீட் உண்மையை விடத் தாழ்ந்தே காட்டும். அதை நம்பித் தேய்த்தால் ஆறியபின் சுருதி மேலே போய்விடும். ஈயம் ரீட்டின் அகலத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் பிதுங்கக் கூடாது. பிதுங்கினால் பிளவின் சுவரில் இடிக்கும். பிரஷ்ஷால் சுத்தமாகத் துடைத்து, திரும்பப் பொருத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ரீட்டின் இரு பக்கமும் ஒளிக்கீற்று சமமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் பலமாக வாசிக்கையில் கரகரக்கும். திருகை இறுக்கும்போது ரீட் லேசாகச் சுழலும். ஆகவே இறுக்கியபின் மறுபடி டார்ச் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள், மேசையைத் துடையுங்கள், அது ஈயம்.

ரெக்கார்டிங்கில் ஆக்ஸ் அவுட்டை (சிக்னலை வெளியே தரும் துளை) டிஐ (வாத்தியத்தை நேராக மிக்ஸருக்கு இணைக்கும் பெட்டி) வழியாக எடுப்பது எளிது. ஆனால் அது பழைய பவர் ஆம்ப்பைக் கடந்து வரும் சிக்னல். அதன் ஹம்மும் கூடவே வரும். ப்ரீ-ஆம்ப் முடிந்த இடத்திலிருந்தே தனி அவுட்புட் ஒன்றைத் தொழில்நுட்பக்காரரைக் கொண்டு போட்டுக்கொள்வது நல்ல முதலீடு. அதே சமயம் உள்ளே இருக்கும் இரண்டு நீள்வட்ட ஸ்பீக்கர்களைத் தள்ளிவிடாதீர்கள். அவற்றின் மேல் 30 செ.மீ. உயரத்தில் ஒரு மைக் வைத்தால் கீகளின் மெல்லிய தட்டலும் சேர்ந்து வரும். பாடகர் ஒருவரும் பியானோவும் மட்டுமே உள்ள பாட்டில் அந்தத் தட்டல் உயிர். 30 செ.மீ. தூரம் என்றால் டிஐ-யை விட மைக் சுமார் 0.9 மில்லிசெகண்ட் பிந்தும். இரண்டையும் அப்படியே கலந்தால் நடு ஒலி மெலியும். ஒன்றை நகர்த்திச் சேருங்கள், அல்லது ஒன்றின் போலாரிட்டியை (அலையின் ஏற்ற இறக்கத்தை) திருப்பிப் பார்த்து எது தடிமனாக ஒலிக்கிறதோ அதை வையுங்கள்.

வைப்ரேட்டோ என்று எழுதியிருந்தாலும் அது சுருதியை அசைப்பதில்லை. சத்தத்தை ஏற்றி இறக்குகிறது. ஆழத்துக்கு ஒரு குமிழ் உண்டு, வேகத்துக்கு இல்லை. வேகம் நொடிக்கு ஐந்தரைச் சுற்று அளவில் நிலையாக இருக்கும். உங்களிடம் உள்ளது 5.6 என்று அளந்தால், 84 டெம்போவில் சதுஸ்ர நடைக்கும் 112 டெம்போவில் திஸ்ர நடைக்கும் கச்சிதமாகப் பொருந்தும். மற்ற டெம்போக்களில் தாளத்தின் மேல் மிதக்கும். நிதானமான பாட்டில் அந்த மிதப்பு அழகு. கிளிக்குக்கு (மெட்ரோனோம் தட்டலுக்கு) இறுகக் கட்டிய பாட்டில் தொந்தரவு. சந்தேகம் இருந்தால் குமிழைப் பூஜ்யத்தில் வைத்துப் பதிவுசெய்து, பின்னர் ட்ரெமொலோ சேர்ப்பதே பாதுகாப்பு. பதிந்த துடிப்பை எடுக்க முடியாது.

குறைகளும் சொல்ல வேண்டும். மொத்த சுருதியையும் ஒரே குமிழில் நகர்த்த வழியே இல்லை. மற்ற வாத்தியங்கள் ஏ ஸ்வரத்தை 442 ஹெர்ட்ஸாக வைத்துச் சேர்ந்திருந்தால் நீங்கள் 440-லேயே நிற்பீர்கள். இதை இசையமைப்பாளரிடம் டேக்குக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்வரங்கள் ரோட்ஸ் (மற்றொரு எலெக்ட்ரிக் பியானோ) அளவுக்கு நீண்டு நிற்பதில்லை. நீளமான கார்டுகளை விரித்து வைக்கும் பாலட்டுக்கு ரோட்ஸே பொருத்தம். வுர்லிட்ஸர் நறுக்கென்ற தாள வாசிப்புக்குப் பிறந்தது. அடி ஆக்டேவில் இடது கையை நிரப்பினால் பேஸ் கிடாரோடு மோதிக் கலங்கும். நடு சி-யைச் சுற்றி மூன்று ஸ்வரக் கார்டுகளாக வாசித்தால் மிக்ஸில் ஈக்யூ (ஒலியின் அடி, உச்சியைக் கூட்டிக் குறைப்பது) தேவையே குறைந்துவிடும். ஆனால் எடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 73 கீ ரோட்ஸ் ஸ்டேஜ் 60 கிலோவை நெருங்குகிறது. இது கால்கள் இல்லாமல் சுமார் 25 கிலோதான், ஒருவரே படியேற்றிவிடலாம். தூக்குமுன் நான்கு கால்களையும் பெடலையும் கழற்றுங்கள். கால்களோடு இழுத்தால் அடிப்பலகையில் திருகு பதியும் இடம் பெயர்ந்துவிடும்.

செஷன் பையில் இவை இருக்கட்டும்: வலது கை அதிகம் விழும் நடு ஆக்டேவ்களுக்கு ஏற்கெனவே சுருதி சேர்த்த மூன்று நான்கு ரீட்டுகள், ரீட் திருகுக்குப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர், சிறு டார்ச், மென்மையான பிரஷ், மாற்று ஃப்யூஸ், மீட்டர். ரீட் வாங்கும்போது 200 வரிசைக்கானது என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு முந்தைய மாடல்களின் ரீட் வடிவமே வேறு. சேர்த்து வைத்த ஒவ்வொரு ரீட்டையும் தனி உறையில் போட்டு, மேலே ஸ்வரத்தின் பெயரை எழுதிவிட்டால், டேக்குக்கு நடுவே ஒன்று உடைந்தாலும் அரை மணிக்குள் வாசிப்புக்குத் திரும்பலாம்.