ஆங்கிலச் சொல்வகைப் பயிற்சி நூல்கள்: எதை வாங்கலாம், எதை அடுக்கிலேயே விடலாம்

சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் புத்தகக் கடைகளில் தொடக்கநிலை 3, 4க்கான ஆங்கில இலக்கண அசெஸ்மென்ட் புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. அட்டையைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே புரட்டினால்தான் தரம் பிடிபடும்.

நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ் என்று பாடத்துக்கு ஒரு சொல்வகையாகப் பிரித்த நூல்களே அதிகம். இவற்றில் தலைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது. அட்ஜெக்டிவ் பாடத்தில் பத்துக் கேள்விக்கும் விடை அட்ஜெக்டிவ்தான் என்றால் பிள்ளை எதற்கு யோசிக்க வேண்டும்? எல்லா வகையும் கலந்த பயிற்சி பாதியாவது இல்லாத நூலை வாங்காதீர்கள்.

அடுத்த குறை, சொல்வகையைப் பொருளை வைத்தே விளக்குவது. செயலைக் குறிப்பது வெர்ப் என்கிறார்கள். ‘அரைவல்’ என்பதும் செயல்தான், ஆனால் நவுன். ‘லி’ என்று முடிந்தால் அட்வெர்ப் என்கிறார்கள். ‘ஃப்ரெண்ட்லி’, ‘லோன்லி’ இரண்டும் அட்ஜெக்டிவ். ஒரு சொல் என்ன வகை என்பதை வாக்கியத்தில் அது நிற்கும் இடம்தான் சொல்லும்.

கடையிலேயே சோதிக்க ‘பிஃபோர்’ போதும். ‘பிஃபோர் லஞ்ச்’ என்பதில் பின்னால் பெயர் மட்டும் வருவதால் ப்ரெப்பொசிஷன். ‘பிஃபோர் ஹி லெஃப்ட்’ என்பதில் எழுவாயும் வினையும் வருவதால் கன்ஜங்ஷன். ‘ஐ ஹேவ் சீன் இட் பிஃபோர்’ என்பதில் பின்னால் ஒன்றுமே இல்லாததால் அட்வெர்ப். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் நூல் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாக்கிய மாற்றப் பகுதியில் மதிப்பெண் போவதும் இந்த இடத்தில்தான். ‘ஆல்தோ’வுக்குப் பின் முழு வாக்கியம் வரலாம், ‘டிஸ்பைட்’டுக்குப் பின் வரக்கூடாது. ‘டிஸ்பைட் ஹி வாஸ் இல்’ தவறு, ‘டிஸ்பைட் ஹிஸ் இல்னஸ்’ சரி. அதாவது அட்ஜெக்டிவை நவுனாக மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். இதைச் சொல்வகையோடு சேர்த்துக் கற்பிக்கும் நூல்கள் குறைவு. தனிப் புத்தகமாகப் போட்டால் இன்னொன்று விற்குமே! இடைவெளி நிரப்பும் கிராமர் க்ளோஸ் பகுதியிலும் சொல்வகைதான் முக்கியம். 10 இடைவெளிக்கு 15 சொற்கள் தருகிறார்கள். பட்டியலைப் பார்க்கும் முன்பே, இங்கே வருவது எந்த வகைச் சொல் என்று முடிவுசெய்யும் பழக்கம் வேண்டும்.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். தமிழில் ‘ஏ’, ‘தி’ போன்றவை கிடையாது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அதனால் ‘தி’ விட்டுப்போகும், ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று வேண்டாத ப்ரெப்பொசிஷன் நுழையும். டிடர்மினர் (பெயருக்கு முன்னால் வரும் ‘ஏ’, ‘தி’ போன்ற சொற்கள்), ப்ரெப்பொசிஷன் பக்கங்கள் தடிமனாக உள்ள நூலே இவர்களுக்கு ஏற்றது. சில நூல்கள் ‘மை’, ‘திஸ்’ ஆகியவற்றை அட்ஜெக்டிவ் என்கின்றன, சில டிடர்மினர் என்கின்றன. இரண்டு விதமான நூல்களையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் குழப்பம்தான். பள்ளியில் சொல்லும் பெயரையே பின்பற்றுங்கள்.

விடைப்பகுதியையும் திறந்து பாருங்கள். காரணம் சொல்லாமல் விடையை மட்டும் அடுக்கியிருந்தால், திருத்தும் பெற்றோருக்குத்தான் வேலை.

தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளுக்கு இவை எதுவும் தேவையில்லை. அவர்கள் படிக்கும் கதைப்புத்தகத்திலிருந்து ஐந்து வரி எடுத்து, சொல்லுக்கு மேலே பென்சிலால் வகையைக் குறிக்கச் சொன்னால் போதும்.