மாடித்தோட்டத்துக்கு 5 கிலோ நார்த்தூள் கட்டி: வாங்கலாமா?

காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் கட்டாந்தரைதான். அதை இளக்க, தேங்காய் மட்டைத் தூளை அழுத்திச் செய்த இந்தக் கட்டி நல்ல தோது. 20–25 லிட்டர் தண்ணீர் விட்டால் 60 லிட்டருக்குக் குறையாமல் பொங்கி வரும். எடையும் குறைவு, வளவு வீட்டு மாடிக்குப் பாரமில்லை.

குறை உப்புதான். 'கழுவியது' என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும் நம்ப வேண்டாம். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடிநீரின் பழுப்பு நிறம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் அலசினால் பயனில்லை. கீரையின் இலை ஓரம் கருகும்.

தனி நார்த்தூளில் சத்தில்லை. நார்த்தூள், செம்மண், மக்கிய தொழுவுரம் சம பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மேலே காய்ந்தும் உள்ளே ஈரம் நிற்கும் என்பதால், விரல்விட்டுப் பார்த்தே ஊற்றுங்கள். இல்லையேல் கொத்தமல்லி வேரழுகிப் போகும். அதன் விதையை இரண்டாக உடைத்து, இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் போடவும். புதினா கேட்காமலே படரும்.

லெட்யூஸ் என்ற சாலட் கீரை மட்டும் கார்த்திகை, மார்கழியில்தான். சித்திரை வெயிலில் விதை முளைப்பதே அரிது. முளைத்தாலும் பூத்தண்டு விட்டுக் கசந்துவிடும். அதற்குக் கட்டியைக் குறை சொல்லாதீர்கள்.