கபேட்டுக்கு மேலே கிடக்கிற மெஷின்கள்: எங்கள் வீட்டுக் குசினிச் சாமான்கள் பற்றி ஒரு விமர்சனம்

எயார் ப்ரையர் வாங்கலாமா, இடியப்பம் பிழிகிற மெஷின் நல்லதா என்று கேட்கிற சொந்தக்காரருக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே எங்கள் வீட்டில் இருக்கிற சாமான்களைப் பற்றி ஒரேயடியாக எழுதிவிடுகிறேன், இனிக் கேட்பவர்கள் இதை வாசித்துக்கொள்ளலாம். நாங்கள் இருப்பது கல்லடியில், கடற்கரைக்குக் கிட்ட. வீட்டில் அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள். வேலிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி குடும்பம், மட்டக்களப்பில் பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பக்கத்துப் பக்கத்து வளவு எழுதினால் குசினிச் சாமானும் வேலி தாண்டிப் போய்வந்துகொண்டுதான் இருக்கும். சில சாமான் குடிபூரலுக்கு வந்த அன்பளிப்பு, சில கட்டாரிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தவை, மிச்சம் இரவில் படுத்துக்கொண்டு போனில் விளம்பரம் பார்த்து ஓடர் பண்ணினவை. கடைசி வகைதான் ஆகக் கெதியாக கபேட்டுக்கு மேலே ஏறியது.

சாமான்களுக்குப் போகமுதல் ஒரு விஷயம். இங்கே புதிதாகக் கட்டுகிற வீடுகளில் பலதில் குசினி இரண்டு. உள்ளே ஒன்று, டைல்ஸ் ஒட்டி, பான்ட்ரி கபேட் அடித்து, கிரனைட் போட்டு, வருகிறவர்கள் பார்ப்பதற்கு. பின்னால் இன்னொன்று, தகரம் போட்ட பத்தியில் விறகடுப்பு, காஸ் அடுப்பு, அம்மி, குந்துகிற பலகை. மீன் வெட்டுவது, பொரிப்பது, தேங்காய் திருவுவது, பிட்டு அவிப்பது எல்லாம் பின்னால்தான், மீன் மணமும் புகையும் உள்ளே வரக்கூடாது என்று. ஆனால் பிளக் எல்லாம் உள்ளே. மெஷின் பிளக் இருக்கிற குசினியில் இருக்கும், சமையல் மற்றக் குசினியில் நடக்கும். பாதிச் சாமான் பாவிக்காமல் கிடப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, வீடியோவில் விமர்சனம் செய்கிறவர்கள் எவரும் இதைச் சொல்வதில்லை, அவர்களுக்கு ஒரு குசினிதான்.

சரி, எயார் ப்ரையர். 2010 இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த சாமான், இப்போது எல்லாப் பெயரிலும் வருகிறது. பெயரில்தான் பொரியல் இருக்கிறது, உள்ளே இருப்பது ஒரு சின்ன அவன் அடுப்பு, மேலே சூடாகிற கம்பிச் சுருள், அதற்கு மேலே ஒரு காற்றாடி, சூட்டுக் காற்றை வேகமாகச் சுழற்றி அடிக்கும், அவ்வளவுதான். இது விளங்கினால் எது சரிவரும், எது சரிவராது என்பதும் விளங்கிவிடும். தோலோடு மசாலா பிரட்டிய கோழித் துண்டு அருமையாக வரும், தன் கொழுப்பிலேயே முறுகும். நேற்றைய ரோல்ஸ், பற்றிஸ் சூடாக்கினால் கடையில் வாங்கினது போலவே மொறுமொறுப்பு திரும்பி வரும். கச்சான் வறுக்கலாம், இடையில் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். கரைத்த மாவில் தோய்த்த எதையும் போடாதீர்கள், மாவு ஓட்டை வழியே வடிந்து கீழே கட்டியாகிக் கிடக்கும். பருப்பு வடை வரும், ஆனால் விக்கல் எடுக்கும். அப்பளம் போடவே கூடாது: காற்றாடி இழுக்கிற இழுப்பில் மேலே பறந்து கம்பிச் சுருளில் ஒட்டிக்கொண்டு கருகும்.

மீன்தான் கதை. எங்கள் வீட்டில் பொரியல் என்றால் மீன், ஒரு சாப்பாட்டுக்கு எல்லோருக்குமாகப் பத்துப் பன்னிரண்டு துண்டு வேண்டும். நாலு லீற்றர் கூடையில் பாரைத் துண்டு ஒன்றோடொன்று முட்டாமல் வைத்தால் ஐந்துதான் வைக்கலாம், முட்டினால் முறுகாது, வெந்துதான் வரும். அந்த ஐந்துக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல், அடுத்த ஐந்துக்கு இன்னொரு பதினைந்து நிமிஷம், முதல் துண்டு சாப்பிட்டவர் கை கழுவிய பிறகுதான் கடைசி ஆளுக்கு மீன் வரும். தாச்சியில் எண்ணெய் கொதித்தால் எல்லாத் துண்டும் ஒரே தடவையில் முடிந்துவிடும். பிறகு கழுவுகிற வேலை. கூடையின் அடித்தட்டில் சின்னச் சின்ன ஓட்டை, மஞ்சளும் கொச்சிக்காய்த் தூளும் மீன் எண்ணெயோடு சேர்ந்து அந்த ஓட்டைகளில் காய்ந்து பிடித்துக்கொள்ளும், கம்பித் தும்பால் உரசினால் கறுப்புப் பூச்சு போய்விடும், மெல்லிய பஞ்சால் தேய்த்தால் அது அசையாது, கொதிநீர் ஊற்றி ஊறவிட்டு ஒவ்வொரு ஓட்டையாக ஈர்க்குக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். அம்மா ஒரு நாள் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னா, “இதைக் கழுவுற நேரத்துக்கு ரெண்டு நாள் மீன் பொரிச்சு முடிச்சிரலாம் மகள்.” அதோடு மீனுக்கு அது பாவிக்கிறதில்லை. கோழிக்கு மட்டும் இறங்கும், அதுவும் பிள்ளைகள் கேட்டால்.

கரண்ட் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்ணெய்க் காசு மிச்சம் என்று வாங்குகிறவர்கள்தான் கூட. ஒரு சாதாரண எயார் ப்ரையர் 1,500 வாட். இருபது நிமிஷம் ஓடினால் கூடினால் அரை யூனிட். பெரிய கணக்கில்லை, ஆனால் நாளுக்கு ஒரு தடவை என்றால் மாதம் 15 யூனிட், 60 யூனிட்டுக்குள் இருந்து 60 தாண்டினால் வீட்டு பில்லில் கணக்குப் போடுகிற முறையே மாறிவிடும், அந்த 15 யூனிட்டுக்கு மட்டும் கூடுவதில்லை. தனி ஆள், இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு இந்தக் கோட்டை ஒட்டித்தான் பாவனை இருக்கும், கவனம். 2022 இல் காஸ் இல்லாமல் திரிந்தபோது, கிடைத்தாலும் ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு வந்தபோது, கரண்ட் அடுப்பு வாங்கி வைத்தவர்கள் எத்தனை பேர், ஆனால் அந்த வருஷம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. ஓகஸ்டில் கட்டணம் சராசரி 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம், பிறகு குறைத்தார்கள், பிறகும் கூட்டினார்கள். அந்த அடுப்புகள் பல வீடுகளில் இப்போதும் பெட்டியோடு இருக்கின்றன. விறகடுப்பை இடிக்காத அம்மாமார் எல்லோரும் அந்த வருஷம் சிரித்தார்கள்.

இன்னொரு விஷயம், எயார் ப்ரையரைப் பின் குசினிக்குக் கொண்டுபோக என்று மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் இழுக்காதீர்கள். ஆறு ஏழு அம்பியர் இழுக்கிற சாமான், வயர் சூடேறி உருகும்.

இடியப்பம் பிழிகிற மெஷின் தங்கச்சி வாங்கினது. கையில் பிடிக்கிற துப்பாக்கி மாதிரி, சார்ஜ் பண்ணுகிற பற்றரி, பொத்தானை அமத்தினால் தட்டில் நூல் நூலாக விழும், விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே தட்டு முழுக்கப் பிழிந்து முடிக்கிறா. அந்தப் பெண் பிழிந்தது வெள்ளை மாவு, தண்ணீர் தாராளமாக விட்டுக் குழைத்தது. நாங்கள் குழைப்பது வறுத்த சிவப்பரிசி மா, கொதிநீர் அளவாக விட்டு, கையில் ஒட்டாத பதத்துக்கு. அது உள்ளே போனதும் மெஷின் ங்ங்ங் என்று ஒரு சத்தம், இரண்டு சுற்று விழுந்தது, நின்றுவிட்டது. தண்ணீர் கூட விட்டால் மெஷின் ஓடுகிறது, இடியப்பம் அவிந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு களியாகிறது. மெஷினுக்காக மாவை மாற்ற வேண்டும் என்றால் அது யாருக்கு உதவி? அதோடு குழாய்க்குள் மிஞ்சுகிற மா, மூடிக்கும் தட்டுக்கும் இடையில் நிற்கிற மா, ஒவ்வொரு தடவையும் ஒரு இடியப்பத்துக்கு உரியதைக் கழுவி ஊற்றுகிறோம். நல்ல மர இடியப்ப உரல் ஒன்று, மா சூடாக இருக்கும்போதே பிழிந்தால், கை நோவு பாதிதான். கையில் முட்டுவாதம் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த மெஷினில் ஒரு நியாயம் இருக்கிறது, அவர்களுக்கும் வெள்ளை மா என்றால்தான்.

சாண்ட்விச் மேக்கர்: பாண் ஓட்டோவில் வருகிற ரோஸ் பாணை எப்படி வெட்டினாலும் அந்த முக்கோணக் குழிக்குள் அடங்காது. அதற்கென்று சதுரமான சாண்ட்விச் பாண் தேடி வாங்க வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீடு, மீன் டின் சம்பல் மிஞ்சின வீடு, சரி வாங்குங்கள். ஜூஸர்: பழச் சக்கையைத் தனியாக்குகிற வலை ஒன்று இருக்கிறதே, அதைக் கழுவின ஒருவர் மறுநாளும் ஜூஸ் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. விளாம்பழத்துக்குக் கையும் வடியும் போதும், மாம்பழத்துக்கு பிளெண்டர். முட்டை அவிக்கிற மெஷின்: சட்டி.

கனடாவில் இருந்து சித்தி அனுப்பின கேக் மிக்ஸர் தனிக் கதை. பாரமான, வடிவான சாமான், சிவப்பு நிறம், கிரனைட்டுக்கு மேலே வைத்தால் வீட்டுக்கே ஒரு களை. அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. நேரே பிளக்கில் குத்தினால் புகைதான் வரும். இடையில் ஒரு டிரான்ஸ்போர்மர் வேண்டும், மோட்டர் இழுக்கிற வாட்டைவிடத் தாராளமானது, அது மிக்ஸர் அளவுக்கே பாரம், மேசையில் அரைவாசி இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். அதனால் வருஷத்தில் ஒரு கேக். வெளிநாட்டில் இருந்து அனுப்புகிற சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள்: லண்டன், கட்டார், குவைத் என்றால் பிரச்சினையில்லை, வோல்ட்டும் சரி, சதுரக் கம்பி பிளக்கும் நேரே பொருந்தும். கனடா, அமெரிக்கா என்றால் காசை அனுப்புங்கள், இங்கே வாங்கிக்கொள்கிறோம்.

இனி ஒழுங்காக வேலை செய்கிற ஆள். கரண்டில் ஓடுகிற தேங்காய்த் திருவலை. பார்க்க ஒன்றுமில்லை, சாம்பல் நிறப் பெட்டி, ஒரு மோட்டர், முன்னால் நீட்டிக்கொண்டு பல்லுப் பல்லாக ஒரு உருண்டை, இன்ஸ்டாகிராமில் போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்த ஊர்ச் சமையலில் ஆகப் பெரிய வேலை என்ன? தேங்காய். காலையில் பிட்டுக்கு, சம்பலுக்கு, சொதிக்கு, பகலில் கறிக்கு முதற்பால் இரண்டாம்பால், பின்னேரம் ரொட்டிக்கு. வெளிநாட்டுக் குசினிக்குச் செய்கிற சாமான் எதுவும் இந்த வேலையைத் தொடுவதில்லை, அதனால்தான் அவையெல்லாம் மேலே ஏறுகின்றன, இது கீழேயே நிற்கிறது. தேங்காய்ப் பாதியைக் கையில் பிடித்து மெல்ல அமத்திச் சுற்றினால் ஒரு நிமிஷத்தில் சிரட்டை தெரியும். பின் குசினியில் இதற்காகவே ஒரு பிளக் வைத்தோம், மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு, சரியான வயர் போட்டு. முழங்கால் நோவில் பலகையில் குந்த முடியாமல் இருந்த அம்மா இப்போது கதிரையில் இருந்துகொண்டு திருவுறா.

குறை இல்லாமலில்லை. சத்தம், விடிய ஐந்து மணிக்கு ஓடவிட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வீடும் எழும்பிவிடும். கடைசியில் கொஞ்சம் அசந்தால் கறுப்புத் தோலும் சேர்ந்து விழும், பால் நிறம் மாறும், சம்பலுக்குப் பரவாயில்லை, பால் கறிக்கு நல்லாயிராது. தலைமயிரை முடிந்துகொள்ளுங்கள், சால்வை, துப்பட்டா கிட்டவும் வேண்டாம். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள், தேங்காய் உடைத்த கை எப்போதும் ஈரம்தான். பிள்ளைகள் உள்ள வீடென்றால் வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கையால் சுற்றுகிற திருவலையும் இருக்கிறது, கரண்ட் வேண்டாம், அதுவும் நல்லதுதான், ஆனால் வாங்குமுதல் மேசையைப் பாருங்கள்: திருகிப் பூட்டுகிற வகை தடித்த கிரனைட் விளிம்பில் பிடிக்காது, அடியில் ரப்பர் உறிஞ்சி ஒட்டுகிற வகை வழுவழுப்பான டைல்ஸில் மட்டும்தான் நிற்கும், சீமெந்துக் கட்டில் நடக்க ஆரம்பித்துவிடும்.

கயிறு இழுக்கிற சொப்பர் பற்றி ஒரு வரி. மலிவுப் பிளாஸ்ரிக் சாமான் என்று நான் மதிக்கவேயில்லை, ஆனால் வெங்காயமும் கொச்சிக்காயும் போட்டு ஏழெட்டு இழுவை இழுத்தால் போதும், ஒரு தண்ணீரில் கழுவி முடியும், கரண்டும் வேண்டாம். கயிறு அறுந்தால் வேறு வாங்குவது, அவ்வளவுதான். பிளெண்டரில் அடித்த சம்பல் துவையலாகிவிடும், இதில் அப்படி ஆவதில்லை.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். பாவிக்காமல் வைத்த மெஷின் இங்கே சும்மா இருக்காது, பழுதாகும். உப்புக் காற்றில் ஸ்குரூ துருப்பிடிக்கும், நவம்பர் மழையில் உள்ளே ஈரம் பிடிக்கும், பல்லி காற்றுப் போகிற ஓட்டையால் நுழைந்து போர்டில் படுத்துக்கொள்ளும், தைப்பொங்கலுக்கு எடுத்துக் குத்தினால் டப். தங்கச்சியின் அவன் அடுப்பு அப்படித்தான் போனது. திருத்துகிற கடைக்காரர் திறந்து காட்டினார், பல்லியின் எலும்பு மட்டும்.

வாங்குவதென்றால், காத்தான்குடிக் கடைத்தெருவிலோ மட்டக்களப்பு ரவுணிலோ கல்முனையிலோ, சாமானைக் கடையிலேயே குத்தி ஓடவிட்டுப் பாருங்கள், தேங்காய்ப் பாதி ஒன்றைக் கையோடு கொண்டுபோனாலும் கடைக்காரர் கோபிக்கமாட்டார். போனில் ஓடர் பண்ணினதற்கு உத்தரவாத அட்டை இருந்தாலும் மோட்டர் எரிந்த பிறகு அதைக் கொழும்புக்கு அனுப்புகிற செலவு நம்முடையது. மோட்டர் சாமான் என்றால் கார்பன் பிரஷ் கிடைக்குமா, பிளெண்டர் என்றால் வாஷரும் அடியில் பூட்டுகிற கப்ளரும் தனியாக விற்கிறார்களா, எயார் ப்ரையர் என்றால் கூடை மட்டும் மாற்றலாமா என்று கேளுங்கள். “அதெல்லாம் பழுதாகாது” என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.