பைய எடுங்கம்மா

பாளையங்கோட்டையில் நான் கார் பழகிய டிரைவிங் ஸ்கூல் எப்படி என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பெயரை நேரில் சொல்கிறேன். குறையும் சொல்லப்போவதால் இங்கே வேண்டாம்.

சொல்லிக்கொடுப்பவருக்கு அறுபது வயதிருக்கும். முதல் நாள் சாவியைத் திருகியதும், “பைய எடுங்கம்மா” என்றார். நான் சென்னையில் வளர்ந்தவள். பின்சீட்டில் கிடந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. “வண்டிய பைய எடுங்க” என்றார்.

மெதுவாக என்பதைத்தான் இந்தப் பக்கம் பைய என்கிறார்கள் என்று நினைத்தேன். அது பாதிதான் சரி. பிள்ளை தூங்கினால் ‘பையப் பேசு’, தண்ணீர்க் குடம் என்றால் ‘பைய இறக்கு’. வேகம் குறைந்தால் போதாது, அலுங்கவும் கூடாது. குறளில் ‘பசையினள் பைய நகும்’ என்று வருகிறதே, அந்தப் பைய.

ஒன்பதாம் நாள் திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். (1973-இல் திறந்த அந்தப் பாலத்துக்கும் திருவள்ளுவர் பேர்தான்.) பின்னால் ஒரு பஸ், ஹாரன் வேறு. ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் க்ளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். “வண்டி நடுங்குதா? கால அங்கேயே வைங்க. ஆக்சிலேட்டர கொஞ்சம் கொடுங்க. இப்ப ஹேண்ட் பிரேக்க எடுங்க. பைய… பைய…” வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் ஏறிவிட்டது. எனக்கு முதுகெல்லாம் வேர்வை.

நடுவில் ஒருநாள் அவருக்குப் பதிலாக ஒரு தம்பி வந்தார். “ஸ்லோ, ஸ்லோ!” என்று அவர் கத்தும்போதெல்லாம் நான் பிரேக்கை மிதித்தேன், வண்டி குலுங்கி ஆஃப் ஆனது. சமாதானபுரம் போவதற்குள் நான்கு முறை.

குறை என்றால், அரை மணி நேர வகுப்பு என்று சொல்லி ஒரே காரில் மூன்று பேரை ஏற்றுகிறார்கள். ஸ்டியரிங் கையில் இருப்பது பத்து நிமிடம்தான். கேட்டால், “மத்தவங்க ஓட்டுறதப் பாக்கிறதும் பாடம்தான்” என்கிறார்கள். அதற்கும் சேர்த்தா காசு? எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட்டு முப்பது நாள் கழித்துத்தான் லைசென்ஸ் டெஸ்ட். அதற்குள் கை மறந்துவிடாமலிருக்கத் தனியாக இரண்டு வகுப்புக்குப் பணம் கட்டினேன்.

சேர்வதென்றால் காலை ஆறு மணி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர் அதில்தான் வருகிறார்.