கருப்பு பிலிம், செராமிக், வலை ஷேடு: ராத்திரி ஓட்ட எது தேறும்?

வெயில் ஏறத் தொடங்கினால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பிலிம் ஒட்டும் கடைகளுக்கு சீசன்தான். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே: "எதைப் போட்டா வண்டி கூலா இருக்கும்?" கேள்வி பகல் இரண்டு மணிக்குச் சரி. ஆனால் அதே கண்ணாடி வழியாகத்தான் ராத்திரி மழையில், எதிரே ஹைபீம் போட்டு வரும் ஆம்னி பஸ்ஸைத் தாண்டி, ஓரத்தில் லைட் இல்லாமல் போகிற சைக்கிளைப் பார்த்தாக வேண்டும். கம்பெனிக் கண்ணாடியை அப்படியே விடுவது, மலிவான கருப்பு பிலிம், தெளிவான நானோ செராமிக் பிலிம், கழற்றி மாட்டும் வலை ஷேடு என்று நம் முன் இருக்கும் நான்கையும் நான் ராத்திரியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதலில் சட்டம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதிப்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும். 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. எத்தனை சதவீத பிலிம் ஆனாலும் கண்ணாடி மேல் ஒட்டவே கூடாது. தயாரிப்பிலேயே நிறமேற்றிய கண்ணாடி அந்த அளவுக்குள் இருந்தால் போதும் என்றது. கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் குற்றங்கள்தான் அந்த வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டன. அதனாலோ என்னவோ, இன்றைக்கும் நம்மூரில் இது போலீஸ் சம்பந்தப்பட்ட விஷயமாகவே இருக்கிறது. ஓட்டுகிறவரின் கண்ணைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

பிறகு 100-வது விதி திருத்தப்பட்டது. கண்ணாடியின் உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த 'சேஃப்டி கிளேசிங்'கும் 2021 ஏப்ரல் முதல் விதிக்குள் வந்தது. இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என்.நகரேஷ், 70, 50 என்ற அளவு குறையாத வரை பிலிம் ஒட்டியதற்கு அபராதம் போடக் கூடாது என்று தீர்ப்பளித்தார். நம் கடைக்காரர்கள் "இப்போ லீகல் ஆயிடுச்சு சார்" என்பது இதைச் சொல்லித்தான். தமிழ்நாட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர் 2012 தீர்ப்பைச் சொன்னால், கேரளத் தீர்ப்பைக் காட்டி வாதாடிப் பார்க்கலாம். அவர் கேட்டுக்கொள்வார் என்று நம்பி நான் காசு போட மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவில் முதல் முறை 500 ரூபாய், மறுபடி சிக்கினால் 1,500 ரூபாய் வரை அபராதம். பிலிமையும் அங்கேயே கிழிக்கச் சொல்வார்கள்.

கடையில் யாரும் போட்டுக் காட்டாத கணக்கு ஒன்று உண்டு. பிலிம் அட்டையில் '70' என்று இருந்தால் அது பிலிமின் அளவு மட்டுமே. கம்பெனிக் கண்ணாடியே லேசான பச்சை நிறம்; அது 75 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 70 சதவீத பிலிம் ஒட்டினால் மிஞ்சுவது 52.5. பக்கக் கண்ணாடிக்கு மயிரிழையில் தேறும், முன் கண்ணாடிக்குத் தேறாது. 50 பிலிம் என்றால் 37.5, எங்கேயுமே தேறாது. "லைட் கருப்புதான் சார்" என்று ஒட்டிவிடும் 20 பிலிம் வெறும் 15 சதவீதத்தைத்தான் விடும். தெருவிளக்கு இல்லாத ரோட்டில் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்திலும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் வரும்.

இதில் அதிகம் அடிபடுவது சைடு மிரர். ஓட்டுகிறவர் வலப்பக்க மிரரைப் பார்ப்பது முன் கதவுக் கண்ணாடி வழியாகத்தான். சந்தேகம் இருந்தால் கருப்பு பிலிம் ஒட்டிய வண்டியில் ராத்திரி உட்கார்ந்து, கண்ணாடியைப் பாதி இறக்கி மிரரைப் பாருங்கள். திறந்த பகுதியில் பின்னால் வரும் பைக்கின் உருவம் தெரியும்; பிலிம் வழியாக ஹெட்லைட் புள்ளி மட்டும்தான் தெரியும். லைட் போடாமல் வருகிறவர் அந்தப் புள்ளியாகக்கூட இல்லை. வயசானால் கண்ணுக்குள் போகும் வெளிச்சமே குறைந்துவிடும். வீட்டில் அப்பா ஓட்டும் கார் என்றால் கருப்பு பிலிமை யோசிக்கவே வேண்டாம்.

சரி, குளிர்ச்சியாவது கிடைக்கிறதா? சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். சாயம் ஏற்றிய மலிவு பிலிம் வெளிச்சத்தைத் தடுக்கும் அளவுக்கு அதைத் தடுப்பதில்லை. தானே சூடாகி உள்ளேயும் கொஞ்சம் தள்ளும். சில வருஷத்தில் ஊதா நிறமாகி, கொப்புளம் போடும். உலோகப் பூச்சு பிலிம் சூட்டை நன்றாகத் தடுக்கும். ஆனால் ஃபாஸ்டேக், ஜிபிஎஸ் சிக்னலுக்கு இடைஞ்சல். செராமிக்கில் இந்த வம்பு இல்லை. கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் சூட்டைக் குறைக்கும், விலைதான் பல மடங்கு.

ஆனால் கடையில் காட்டும் பல்பு டெமோவைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த ஹீட் பல்பிலிருந்து வருவது பெரும்பாலும் அகச்சிவப்புதான். செராமிக் துண்டை நடுவில் பிடித்ததும் கை சில்லென்று ஆகத்தான் செய்யும். வெயிலில் அத்தனை வித்தியாசம் வராது. 'அகச்சிவப்பை 99 சதவீதம் தடுக்கும்' என்று அட்டையில் இருப்பதும் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்கு மட்டும் எடுத்த அளவு. மொத்த சூரிய வெப்பத்தில் எவ்வளவு தடுக்கிறது என்று கேளுங்கள். எண் சட்டென்று இறங்கும்.

வலை ஷேடு பற்றிச் சொல்ல அதிகமில்லை. பகலில் பின் சீட்டில் தூங்கும் குழந்தைக்கு நல்லது, சாயங்காலம் கழற்றிவிடலாம். முன் கதவில் மாட்டினால் கருப்பு பிலிமுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. சில இடங்களில் போலீஸ் இதையும் நிறுத்திக் கேட்கிறது.

என் தேர்வு இதுதான்: ராத்திரி அதிகம் ஓட்டுகிறவர் என்றால் கம்பெனிக் கண்ணாடியே போதும், பார்க்கிங்கில் முன் கண்ணாடிக்கு வெள்ளி நிற மடக்கு அட்டை. பகலெல்லாம் ரோட்டில் இருப்பவர், ரிஸ்க் எடுக்கத் தயார் என்றால் பக்கக் கண்ணாடிகளுக்கு மட்டும் 70-க்கு மேல் உள்ள செராமிக். ஒட்டும் முன் மாதிரித் துண்டைக் கண்ணாடியில் வைத்து, கடை மீட்டரில் இரண்டையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.

பழைய கார் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னவர் ஒட்டிய கருப்பு பிலிம் பின் கண்ணாடியில் இருந்தால் பிளேடு போட விடாதீர்கள், கண்ணாடியில் படியும் ஈரப்பனியைச் சூடாக்கி நீக்கும் டீஃபாகர் கோடுகள் அறுந்துவிடும். ஹீட் கன் காட்டிச் சூடாக்கி, ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்கிற ஆளிடம் கொடுங்கள்.