பாத்திரக் கடைக்கு எந்தச் செய்தி உதவுகிறது? வணிக நாளிதழும் மற்ற இரண்டும்

காரைக்குடியில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். சந்தை நிலவரம் அறிய தமிழ் நாளிதழின் வணிகப் பக்கம், கைப்பேசிச் செயலி, ஆங்கில வணிக நாளிதழ் மூன்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். இப்போது சந்தா கட்டி வரவழைப்பது பிசினஸ்லைன் என்ற ஆங்கில வணிக நாளிதழ்.

தங்கம், வெள்ளி விலைக்குத் தமிழ் நாளிதழே போதும். வேகத்தில் செயலியை எதுவும் மிஞ்சாது.

வணிக நாளிதழின் பக்கம் என்னைச் சாய்த்தது கொள்முதல். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பே சரக்கை இறக்கிவிட வேண்டும். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்புவதற்கென்று, அதாவது சீர்ப் பாத்திரங்களை அடுக்கிக் காட்டுவதற்கென்று, ஒரே வீட்டார் குடம், அண்டா, அடுக்கு என்று வண்டி நிறைய எடுப்பார்கள். பாத்திரம் செய்யும் எவர்சில்வர் தகடு கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினாலும் என் கணக்கு புரண்டுவிடும். அந்த விலையை அசைப்பவற்றுள் முக்கியமானது, தகட்டில் கலக்கும் நிக்கல் என்ற உலோகம். 304 ரகத் தகட்டில் சுமார் எட்டு சதவீதம் நிக்கல்தான். மலிவான 200 வரிசைத் தகட்டில் அதைவிடக் குறைவு.

2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன்னுக்கு 1,00,000 டாலரைத் தாண்டியது. செயலி எண்ணை மட்டும் காட்டியது. மொத்த வியாபாரிகள் போன் செய்து, ஆண்டு முழுவதற்கும் இப்போதே எடுத்துவிடுங்கள் என்றார்கள். கடைவீதியில் பலர் எடுத்தார்கள். ஏன் ஏறியது என்பதை எனக்குச் சொன்னது வணிக நாளிதழ். உக்ரைன் போரால் ரஷ்யச் சரக்கு வராதோ என்ற பயம் ஒரு பகுதிதான். விலை இறங்கும் என்று நம்பி, பின்னர் தருவதாகப் பெருமளவு நிக்கலை முன்கூட்டியே விற்றிருந்த ஒரு சீன உருக்கு நிறுவனம், விலை ஏறியதும் நஷ்டத்துக்கு அஞ்சித் திரும்ப வாங்க நேர்ந்ததே விலையை அவ்வளவு ஊதியது. சந்தை வணிகத்தை நிறுத்தி, அன்றைய பேரங்களை ரத்து செய்து, 16ஆம் தேதிதான் மீண்டும் திறந்தது. உலோகம் அவ்வளவு தட்டுப்பாடாகிவிடவில்லை என்று எனக்குப் புரிந்தது. வைகாசிக்கு வேண்டியதை மட்டும் எடுத்தேன். ஜூலையில் நிக்கல் 20,000 டாலர் அளவுக்கு வந்திருந்தது. ஆவணிச் சரக்கை அப்போது இறக்கினேன். அந்த ஒரு முடிவிலேயே பல ஆண்டுச் சந்தா வந்துவிட்டது.

காரைக்குடிக் கடைக்கு லண்டன் விலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னையோடு காரைக்குடியிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் தொடங்கப்பட்டது. கடல் கடந்த நிலவரம் பார்த்துக் கொடுக்கல் வாங்கல் செய்த ஊர் இது.

வரி விதிகளிலும் இதே வேறுபாடு. குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது என்று 2024இல் எல்லோரும் பேசினார்கள். எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான் என்ற விவரத்தை நான் வணிக நாளிதழில்தான் படித்தேன். வாய்ப்பேச்சிலேயே கடன் வாங்கிப் பழகிய எங்களுக்கு அந்த ஒரு விவரம்தான் முக்கியம்.

பங்குச் சந்தையில் அன்றாடம் இறங்குபவருக்கு எது சரி என்று என்னால் சொல்ல இயலாது. என்னிடம் இருப்பவை ஒன்றிரண்டு பங்குகள். இன்னொரு ஆங்கில வணிக நாளிதழான எகனாமிக் டைம்ஸை மூன்று மாதம்தான் வாங்கினேன், தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் படிக்கவில்லை.

தடை ஆங்கிலம்தான். முதல் ஆறு மாதம் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். அப்பச்சி பேரேடும் ஐந்தொகையும் எழுதிய தமிழில் இதே ஆழத்தோடு ஒரு வணிக நாளிதழ் காலையில் கடை வாசலுக்கு வருமானால், மறுநாளே அதற்கு மாறிவிடுவேன்.