திருப்பரங்குன்றமா, கீழக்குயில்குடியா? காயில் கட்டுகிறவனின் கல்லூரி மதிப்பீடு

உசிலம்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை நடத்தி வருகிறேன். பொறியியல் கல்லூரியை எடைபோட இதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை. மகளுக்காக இரண்டு மாதம் அலைந்ததில் கண்டதையும், விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், அதே குழப்பத்தில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

மகள் கணிதத்தில் 96, இயற்பியலில் 94, வேதியியலில் 96 மதிப்பெண் எடுத்திருந்தாள். பொறியியல் கலந்தாய்வில் கணித மதிப்பெண்ணை முழுதாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் எடுத்துக்கொள்வதால், 96, 47, 48 என்று கூட்டி 200-க்கு 191 கட் ஆஃப் வந்தது. முந்தைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டுப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபின், வீட்டில் இரண்டு பெயர்கள் மட்டும் மிஞ்சின. ஒன்று திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியில் மின்னியல் பிரிவு, அதாவது டிரிபிள் இ. மற்றொன்று கீழக்குயில்குடியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும், "அண்ணா பல்கலைக்கழகமே கிடைக்கிறது என்றால் தனியார் கல்லூரியைப் பற்றி ஏன் யோசிக்கிறீர்கள்?" என்றே கேட்டார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தியாகராசர் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்ததுதான். அங்கே படித்து முடித்தாலும் பட்டத்தை வழங்குவது அண்ணா பல்கலைக்கழகமே. மேலும், மண்டல வளாகம் என்பது சென்னையில் உள்ள தலைமை வளாகமான கிண்டி வளாகம் அல்ல. கலந்தாய்வில் இரண்டுக்கும் தனித்தனிக் குறியீட்டு எண், தனித்தனிக் கட் ஆஃப். இதை அறியாமல் பெயரை மட்டும் பார்த்து விருப்பப் பட்டியல் நிரப்புகிறவர்கள் எங்கள் ஊரிலேயே பலர் இருக்கிறார்கள்.

தியாகராசர் கல்லூரியை ஆலை அதிபர் கருமுத்து தியாகராசர் 1957-ல் நிறுவினார். அரசு உதவிபெறும் கல்லூரியான இது 1987-லிருந்து தன்னாட்சி பெற்று இயங்குகிறது. மண்டல வளாகத்தின் வரலாறு குறுகியது. 2010-ல் மதுரைக்கென்று தனியாக ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, 2012-ல் அது மீண்டும் அண்ணா பல்கலைக்கழகத்துடனேயே இணைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சிதான் இன்றைய வளாகம்.

என் பார்வையில் இந்த இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, வினாத்தாளை யார் எடுக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. மண்டல வளாகத்தில் பாடத்திட்டமும் பருவத் தேர்வு வினாத்தாளும் சென்னையிலிருந்து வருகின்றன. பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி எழுத்துத் தேர்வு உள்ள பாடங்களில் அக மதிப்பீட்டுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60. விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு மாணவியின் முகமும் தெரியாது, அவள் எந்தக் கல்லூரி என்பதும் தெரியாது. தன்னாட்சிக் கல்லூரியிலோ பாடம் எடுக்கும் துறையே பாடத்திட்டத்தை வகுக்கிறது; தேர்வை நடத்துவதும் முடிவை வெளியிடுவதும் கல்லூரியின் பொறுப்பு. தொழிலில் புதிதாக ஒன்று வந்தால், மாநிலம் முழுமைக்குமான பாடத்திட்டம் மாறும்வரை காத்திராமல் அதை வகுப்புக்குக் கொண்டுவந்துவிடலாம். பம்ப்செட் மோட்டார்களையே பார்த்து வந்த என் கடைக்கு இப்போது மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரும் வருகிறது என்பதால், இந்த வேகத்தின் அருமை எனக்குப் புரிகிறது.

ஆனால் தன்னாட்சி என்ற சொல்லைப் பலகையில் பார்த்தவுடன் மயங்கிவிடக் கூடாது. ஆசிரியர்கள் திறமையானவர்களாக இருந்தால் அது வரம். இல்லாவிட்டால், தாமே பாடம் வைத்து, தாமே கேள்வி கேட்டு, தாமே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் ஏற்பாடாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் படிப்பதைவிடப் பல்கலைக்கழக வினாத்தாளை எழுதி ஓரிரண்டு அரியர் வைப்பது மேல். தியாகராசர் கல்லூரியைப் பொறுத்தவரை எனக்கு இந்த அச்சம் எழவில்லை. தன்னாட்சியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்து வந்திருக்கும் கல்லூரியின் துறைகளுக்குப் பாடத்திட்டம் வகுப்பது பழகிய வேலையாகியிருக்கும் என்பதே என் கணக்கு.

ஆய்வகத்தைப் பார்க்காமல் கல்லூரியை முடிவு செய்யக் கூடாது என்பது என் பிடிவாதம். நாங்கள் பார்க்கப்போன வேறொரு கல்லூரியில் மின் இயந்திர ஆய்வகத்தைப் பெருமையோடு திறந்து காட்டினார்கள். மோட்டார்களின் பெயின்ட் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. சுமை ஏற்றிச் சோதிக்கும் பிரேக் டிரம்மில் பெல்ட் உரசிய தடமே இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கியவை என்று அவர்களே சொன்னார்கள். ஓடாத மோட்டாரை நான் தூரத்திலிருந்தே கண்டுகொள்வேன். மேலே சொன்ன இரண்டு வளாகங்களிலும் எனக்கு இந்தக் குறை தோன்றவில்லை.

வேலைவாய்ப்பைப் பற்றி விளம்பரத் தட்டிகளில் போடும் தொகையை நம்ப வேண்டாம்; அது பெரும்பாலும் ஒரே ஒரு மாணவர் வாங்கிய சம்பளமாக இருக்கும். மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் அளிக்கும் விவரத் தாளில், வேலைக்குச் சென்றவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை எவ்வளவு, எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றார்கள் என்பதெல்லாம் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். அதேபோல் என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியம் தரும் அங்கீகாரம் கல்லூரி முழுமைக்கும் பொதுவானது அல்ல. பாடப்பிரிவு வாரியாகத் தரப்படுவது. நம் பிள்ளை சேரப்போகும் பிரிவுக்கு அது இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கட்டணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உதவிபெறும் கல்லூரியில் எல்லாப் பிரிவுகளும் உதவிபெறுபவை அல்ல; சுயநிதிப் பிரிவுகளும் இருக்கும், அவற்றின் கட்டணம் வேறு. மகள் உதவிபெறும் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பொருந்தவில்லை. எங்கள் குடும்பத்தில் அவளே முதல் பட்டதாரி ஆகப்போகிறவள் என்பதால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

போக்குவரத்தில் கீழக்குயில்குடிக்கே வெற்றி. உசிலம்பட்டியிலிருந்து மதுரை செல்லும் பேருந்தில் செக்கானூரணியைத் தாண்டி நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கினால், வளாகம் பக்கம்தான். சமணர் மலையும் தாமரைக் குளமும் அருகிலேயே இருக்கும் அமைதியான இடம். திருப்பரங்குன்றத்துக்கோ ஆரப்பாளையத்தில் இறங்கி, பெரியார் நிலையம் போய், மறுபடியும் பேருந்து மாற வேண்டும். தினமும் இரண்டு வேளை இந்த அலைச்சல் மகளுக்கு ஆகாது என்று விடுதிச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனபோது, அங்கிருந்த இளைஞர் நாங்கள் எழுதிக் கொடுத்த வரிசையில் மூன்றாவதை முதலாவதாக ஏற்றிவிட்டார். லாக் செய்வதற்கு முன் மகள் கவனித்துவிட்டாள். பட்டியலில் மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைக் கணினி பார்க்கவே பார்க்காது. ஆகவே கிடைக்குமா கிடைக்காதா என்று கணக்குப் போடாமல், உண்மையில் எது வேண்டுமோ அதையே மேலே வைக்க வேண்டும்.

அந்த வரிசையை முடிவு செய்தவள் மகள்தான். ஐ.டி. வேலையை மனதில் வைத்து கம்ப்யூட்டர் சயின்ஸை மேலே போடலாமே என்று நான் தயங்கினேன். "அப்பா, சின்ன வயசிலிருந்து உங்க கடையில ஸ்டேட்டரைப் பார்த்துட்டே வளர்ந்திருக்கேன், மோட்டார் எப்படிச் சுத்துதுன்னு கணக்காப் படிக்கணும்," என்று அவள் சொன்னபின் பேச்சு முடிந்தது. தியாகராசர் மின்னியல் முதலிலும் மண்டல வளாக கம்ப்யூட்டர் சயின்ஸ் அடுத்தும் வைத்தோம். முதல் விருப்பமே கிடைத்தது. கம்ப்யூட்டர் படிப்பில்தான் பிள்ளைக்கு உறுதியான நாட்டம் என்றால், அதிலும் வீட்டிலிருந்தே போய்வர வேண்டியவர்கள் என்றால், எங்கள் வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்ளலாம்; அதைத் தவறு என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை.